ஐந்து வயதான விமான ஹோஸ்களுக்குப் பதில் எதைப் போடலாம்? ஓசூரிலிருந்து ஓர் ஒப்பீடு

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி தனியார் விமானதளத்தில் நிற்கிற எங்கள் செஸ்னா 172எம் விமானத்தின் இன்ஜின் ஹோஸ்களுக்கு இந்த ஆண்டோடு ஐந்து வயது முடிகிறது. நாலு பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் விமானம் அது. மாற்றியே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பழைய மாதிரியே ரப்பர் ஹோஸ் போதும் என்கிறார் ஒருவர். செலவோடு செலவாக டெஃப்லான் போட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். கிருஷ்ணகிரியில் கிரானைட் தொழில் செய்யும் எங்கள் மூத்த பங்குதாரர், "என் கிரேனுக்கும் லோடருக்கும் சிப்காட்டில்தான் ஹோஸ் அடித்து வாங்குகிறேன். இதற்கு மட்டும் எதற்கு அமெரிக்காவுக்கு ஆர்டர்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நிறையப் படித்தேன், ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) சாரிடம் உட்கார்ந்து பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரப்பரா டெஃப்லானா என்பதை ஹோஸின் விலை தீர்மானிக்கக் கூடாது. இன்ஜினுக்கு அடுத்த ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) எந்த ஆண்டு என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். அதை வைத்துப் பார்த்தால் எங்கள் விமானத்துக்கு டெஃப்லான். எல்லா விமானத்துக்கும் அதுவே பதில் என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஹோஸ்கள் என்ன செய்கின்றன?

172-இல் இறக்கை மேலே இருக்கிறது. டாங்க்குகள் இறக்கைக்குள். பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்கி, ஃபில்டரைத் தாண்டி, ஒரு ஹோஸ் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகிறது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடிக்கொண்டே இருப்பதால் அந்த இடத்தில் வளையாத குழாய் தாங்காது, அதனால்தான் ஹோஸ். ஆயில் கூலருக்குப் போக ஒன்று, திரும்ப ஒன்று. ஆயில் பிரஷர் மீட்டருக்கு மெல்லியதாக இன்னொன்று. வேக்கம் பம்ப்பிலிருந்து உள்ளே கைரோ மீட்டர்களுக்குப் போகும் ஹோஸ்கள் தனி. பெடலுக்கு அடியில் பிரேக் ஹோஸ்கள் தனி. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வேக்கம் ஹோஸ் போனால் மீட்டர் போகும். தெளிவான பகலில் சமாளித்துவிடலாம். ஆயில் ஹோஸ் போனால் இன்ஜினே போகும்.

எங்கள் லைக்கமிங் ஓ-320 இன்ஜினில் மொத்த ஆயில் எட்டு குவார்ட், அதாவது சுமார் ஏழரை லிட்டர். ஓடும்போது அழுத்தம் 60 முதல் 90 பிஎஸ்ஐ வரை இருக்கும். அந்த அழுத்தத்தில் கூலர் ஹோஸ் கிழிந்தால், இருக்கிற ஆயில் முழுவதும் வெளியேறச் சில நிமிடங்களே ஆகும். அது போய் விழும் இடம் பழுக்கக் காய்ந்த சைலன்சர் குழாயாகவும் இருக்கலாம். பேளகொண்டப்பள்ளியில் ஏறித் தெற்கே திரும்பினால் தேன்கனிக்கோட்டை, அதைத் தாண்டினால் அஞ்செட்டிப் பக்கம் முழுக்க மலையும் காடும். அவசரத்துக்கு இறக்க ஒரு சமதரையைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி எப்படிப்பட்டது என்று தெரியும். தருமபுரிப் பக்கம் போனால் வயல்கள் உண்டு. தொப்பூர் கணவாய்க்கு மேலே போனால் அதுவும் இல்லை. சமவெளி நாட்டில் பறப்பவர் "ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப் போடலாம்" என்று சொன்னால் அது அவர் நிலத்தை வைத்துச் சொல்வது.

விதி என்ன சொல்கிறது?

செஸ்னா 172-இன் பிற்கால மாடல்களுக்கான பராமரிப்புக் கையேடு தெளிவாக இருக்கிறது. இன்ஜின் அறையில் திரவம் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் என்றால் ஐந்து ஆண்டு அல்லது இன்ஜின் ஓவர்ஹால், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். டெஃப்லான் என்றால் பத்து ஆண்டு அல்லது ஓவர்ஹால். எங்கள் பழைய மாடலின் பராமரிப்புத் திட்டத்திலும் இதே கணக்கைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். ஓவர்ஹாலின்போது கட்டாயம் மாற்ற வேண்டிய பொருட்களுக்கு லைக்கமிங் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சர்வீஸ் புல்லட்டின் 240. ஹோஸ்களும் அதில் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, "சொந்த உபயோக விமானத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடு வெறும் பரிந்துரைதானே" என்று நம் ஆட்களும் பேசுகிறார்கள். அங்கே அந்த வாதத்துக்கு இடம் உண்டு. இங்கே நம் விமானம் டிஜிசிஏ (மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஏற்றுக்கொண்ட பராமரிப்புத் திட்டத்தின்படி ஓடுகிறது. அந்தத் திட்டத்தில் ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தால் ஐந்து ஆண்டுதான். மாற்ற வேண்டும் என்றால் முறையாக எழுதி அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கொரு முறை வரும் ஏஆர்சி (பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்று) புதுப்பித்தலில் மாட்டிக்கொள்வோம். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பராமரிப்புத் திட்டத்தை மதிக்க வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

பைப்பர் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கண்டிப்பானது. பிஏ-28 உள்ளிட்ட பைப்பர் விமானங்கள் பலவற்றின் ஆயில் கூலர் ஹோஸ்களுக்கென்றே அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. எண் 95-26-13. ஹோஸ் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகிறதா, பழசாகிவிட்டதா என்று சோதிக்கச் சொல்லி, எட்டு ஆண்டு அல்லது 1,000 மணி நேரத்தில் மாற்றச் சொல்கிறது. டிஎஸ்ஓ சி53ஏ என்ற அமெரிக்க விமான ஹோஸ் தரத்தில் 'டைப் டி' ஹோஸ் போட்டுவிட்டால், திரும்பத் திரும்ப மாற்றும் அந்தக் கடமை நீங்கிவிடும். விமானத்தை வடிவமைத்த நாடு போடும் இப்படிப்பட்ட உத்தரவுகள் இங்கே பதிவான விமானத்துக்கும் பொருந்தும். ஆகவே பைப்பர் செரோக்கி வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிப் போகலாம்; அவருக்குப் பதில் டைப் டி தான்.

அந்த 'டைப்' கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ, பி இரண்டும் தீப்பிடிக்க வாய்ப்புள்ள அறைக்கு வெளியே போடுவதற்கு. சி, டி இரண்டும் தீயைத் தாங்க வேண்டியவை. ஏ-வும் சி-யும் 121 டிகிரி செல்சியஸ் வரை. பி-யும் டி-யும் 232 டிகிரி வரை. தீயைத் தாங்குவது என்றால், சுமார் 1,100 டிகிரி நெருப்பில் ஐந்து நிமிடம் ஒழுகாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது பெட்ரோலை மூடி, விமானத்தைக் கீழே கொண்டுவரும் நேரம்.

இருக்கிறதையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால்?

"பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பதுதான் இந்த வழிக்குச் சொல்லப்படும் ஒரே காரணம். ஹோஸ் விஷயத்தில் அது செல்லாது. முந்தைய செட்டிலிருந்து கழற்றிய ஒரு கூலர் ஹோஸை ஏஎம்இ சார் தன் மேசையில் வைத்திருக்கிறார். வெளியே ஆரஞ்சு நிற ஃபயர்ஸ்லீவ் (தீத்தடுப்பு உறை), கொஞ்சம் எண்ணெய்க் கறை, அவ்வளவுதான். ஸ்லீவை உரித்தால் கறுப்பு நூல் பின்னல், அதுவும் முழுசாக இருக்கிறது. அதை நீளவாக்கில் கீறி என் கையில் கொடுத்தார். உள்சுவரைக் கட்டைவிரலால் மடக்கினேன். பழைய டயர் டியூப் மாதிரி வளையும் என்று நினைத்தால், முறுக்கு உடைகிற சத்தத்தோடு வெடித்தது. மடிப்பு முழுக்க மயிரிழைக் கோடுகள். கிரிம்ப் செய்த (ஃபிட்டிங்கை நசுக்கி இறுக்கிய) முனைக்கு அரை அங்குலத்துக்குள்தான் அவை அதிகம். வெளியிலிருந்து டார்ச்சும் கண்ணாடியும் வைத்து எவ்வளவு பார்த்தாலும் அது தெரியாது. ஸ்லீவ் போட்ட ஹோஸை வெறும் கண்ணால் 'நல்லா இருக்கு' என்று சொல்ல வழியே கிடையாது.

இதில் இன்னொன்று. அதிகம் ஓடாத விமானத்தின் ஹோஸ் அதிக நாள் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பர் கெடுவது ஓட்டத்தால் மட்டும் அல்ல. இன்ஜினை நிறுத்திய பிறகு காற்றோட்டம் நின்று, கவ்லிங்குக்குள் (இன்ஜினை மூடும் தகட்டு உறைக்குள்) சூடு ஏறி, ஹோஸ்கள் அதில் வேகும். அப்புறம் வாரக்கணக்கில் சும்மா நிற்கும்போது, பெட்ரோலில் ஊறிய ரப்பர் காய்ந்து சுருங்கும். தனியார் விமானங்கள் ஆண்டுக்கு ஓடும் மணி நேரம் குறைவு என்பதால் நமக்கு மணிக் கணக்கைவிட ஆண்டுக் கணக்கு எப்போதும் முந்திக்கொள்ளும்.

சரி, இந்த வழி இல்லை.

சிப்காட்டில் அடித்து வாங்கினால்?

மூத்த பங்குதாரரின் கேள்விக்கு வருகிறேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து தரும் கடைகளுக்குக் குறைவில்லை. ஜேசிபி, போர்வெல் ரிக், கிரானைட் வெட்டும் இயந்திரம் என்று வேலை கொட்டிக் கிடக்கும் ஊர்கள். பழைய ஹோஸைக் கொண்டுபோனால், டீ குடிப்பதற்குள் புதியதை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஹோஸ்களில் பல 200 பார் அழுத்தத்தைச் சாதாரணமாகத் தாங்கும். நம் ஆயில் அழுத்தம் அதில் ஒரு மூலைக்குக் காணாது. அதனால், "இது அதைவிட வலுவானது" என்று மூத்த பங்குதாரர் அண்ணன் சொல்வது அழுத்தக் கணக்கில் உண்மைதான்.

ஆபத்து அழுத்தத்தில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களில் வரும் ஜேஐசி ஃபிட்டிங்கின் சாய்வு 37 டிகிரி. விமானத்தின் ஏஎன் ஃபிட்டிங்கின் சாய்வும் 37 டிகிரிதான். மரையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஜேசிபி ஹோஸைக் கொண்டுபோய் நம் ஆயில் கூலரில் திருகினால், அழகாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒழுகவும் ஒழுகாது. பொருந்தாமல் போயிருந்தால்கூட நல்லது. பொருந்துவதால்தான் ஆள் ஏமாந்துபோகிறான். ஆனால் விமான ஃபிட்டிங்கின் மரை இன்னும் நெருக்கமான அளவில் வெட்டியது, உலோகமும் வேறு. அந்த ஹோஸுக்குத் தீ சோதனை கிடையாது. நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் இன்ஜினின் நடுக்கத்தில் மணிக்கணக்கில் ஆடுவதற்கு அந்தக் கிரிம்ப்பை யாரும் சோதித்ததில்லை. அந்தக் கடைக்காரர் தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். அவர் செய்கிற வேலை வேறு, அவ்வளவுதான்.

பிரேக் ஹோஸில் இந்தக் குறுக்குவழி இன்னும் மோசம். காரின் பிரேக் ஆயில் கிளைகால் வகை. அதற்கேற்ப கார் பிரேக் ஹோஸின் உள்ளே பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர் இருக்கும். நம் செஸ்னாவின் பிரேக்கில் ஓடுவது 5606 என்ற சிவப்பு மினரல் ஆயில். ஈபிடிஎம்மும் மினரல் ஆயிலும் சேரவே சேராது. ரப்பர் உப்பி, கூழாகி, பாதையை அடைத்துவிடும். மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது மிதித்தாலும் பிடிக்காது. தரையில் ஓடும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தால் விமானம் சுழன்றுவிடும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சட்டென்று புரிந்துகொண்டார். அவருடைய லாரியில் யாரோ தவறான ஆயிலை ஊற்றி வீல் சிலிண்டர் சீல் எல்லாம் உப்பிப்போனதை அவரே பார்த்திருக்கிறாராம். அதன் பிறகு சிப்காட் பேச்சு எழவில்லை.

ரப்பருக்கும் டெஃப்லானுக்கும் நடுவே

இனி மிச்சம் இரண்டு. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை, இரண்டும் நல்ல பொருட்கள். இங்கேதான் உண்மையான ஒப்பீடு.

ரப்பர் ஹோஸ் என்று சுருக்கமாகச் சொன்னாலும் உள்ளே செயற்கை ரப்பர் டியூப், அதன் மேல் நூல் அல்லது எஃகுக் கம்பிப் பின்னல், மேலே இன்னொரு உறை என்று அடுக்கடுக்காக இருக்கும். ஏரோக்விப் 303, ஸ்ட்ராட்டோஃப்ளெக்ஸ் 111 ஆகியவை பழைய விமானங்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். உடம்பில் மஞ்சள் எழுத்தில் ஒரு கோடு ஓடும். அளவு, தயாரித்த காலாண்டு, ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். பொருத்தும்போது ஹோஸ் முறுகியிருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பதும் அந்தக் கோடுதான். கோடு நேராகப் போக வேண்டும், திருகுச் சுருளாகச் சுற்றக் கூடாது. ரப்பரின் நல்ல குணம் அதன் இணக்கம். நெருக்கமான வளைவில் போகும், நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும், கழற்றி மாட்டும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் பொறுத்துக்கொள்ளும். விலையும் குறைவு. தீ தாங்க வேண்டும் என்றால் மேலே ஃபயர்ஸ்லீவ் போட்டு, இரண்டு முனையிலும் பட்டி போட்டு இறுக்க வேண்டும். அந்த முனைகள் சரியாக அடைக்கப்படாவிட்டால் ஸ்லீவின் கண்ணாடி நார் திரிபோல எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தீயிலிருந்து காக்க வேண்டிய உறையே எரிபொருளைச் சுமந்துகொண்டிருக்கும்.

டெஃப்லான் வேறு சாதி. பிடிஎஃப்இ என்ற அந்தப் பொருளை 1938-இல் அமெரிக்காவில் ட்யூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். பெட்ரோல், ஆயில், சூடு எதற்கும் அசையாது. ரப்பரைப்போல வயதாகிக் கட்டியாவது இல்லை. 232 டிகிரி வரை தாங்கும். மேலே துருப்பிடிக்காத எஃகுப் பின்னல். ஸ்ட்ராட்டோஃப்ளெக்ஸ் 124ஜே போன்றவற்றில் அந்தப் பின்னலின் மேல் சிலிகோன் ஃபயர்ஸ்லீவை ஹோஸோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். தனி உறை, தனிப் பட்டி எதுவும் இல்லாததால் எண்ணெய் ஊற இடமில்லை. அந்தச் சிலிகோன் உறையால் இன்னொரு லாபமும் உண்டு. உறையில்லாத எஃகுப் பின்னல் பக்கத்திலுள்ள அலுமினியக் குழாயில் உரசினால், அரம் போல அறுத்துவிடும்.

குறை இல்லாத பொருள் கிடையாது. டெஃப்லான் இருந்த வளைவிலேயே படிந்துபோகும். சில ஆண்டு ஓடிய ஹோஸை வேறு வேலைக்காகக் கழற்றிவிட்டு, நேராக்கிப் பார்த்து, திரும்ப மாட்டினால், உள்ளே மடிப்பு விழுந்துவிடும். மடிப்பு விழுந்த ஹோஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கழற்றும்போதே இரண்டு முனைக்கும் குறுக்காக ஒரு கம்பியோ நூலோ கட்டி, அந்த வளைவு மாறாமல் வைப்பது ஏஎம்இக்களின் பழக்கம். சிலிண்டர் வேலை, கார்புரேட்டர் வேலை என்று அடிக்கடி கழற்றி மாட்டும் இன்ஜினில் இது தலைவலிதான். அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். ரப்பரில் அரை அங்குலம் கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம், டெஃப்லானில் முடியாது.

இப்போது காலக் கணக்கு. எங்கள் இன்ஜினுக்கு லைக்கமிங் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. கடைசி ஓவர்ஹால் முடிந்து ஐந்து ஆண்டு ஆகிறது. அப்போது போட்ட ரப்பர் ஹோஸ்கள்தான் இப்போது கெடு முடிகின்றன. மீதம் ஏழு ஆண்டு. இப்போது மறுபடியும் ரப்பர் போட்டால் இன்ஜினின் பத்தாவது ஆண்டில் இன்னொரு முறை மாற்ற வேண்டும். அந்த மூன்றாவது செட் இரண்டே ஆண்டு ஓடிவிட்டு, ஓவர்ஹாலில் குப்பைக்குப் போகும். டெஃப்லான் போட்டால் இந்த ஒரு செட்டே பன்னிரண்டாவது ஆண்டு வரை வரும். அதாவது இரண்டு ரப்பர் செட்டும் இரண்டு முறை வேலைக்கூலியும் ஒரு பக்கம். ஒரு டெஃப்லான் செட்டும் ஒரு முறை கூலியும் மறுபக்கம். கவ்லிங்கைத் திறந்து, எல்லாவற்றையும் கழற்றி, மாட்டி, ஓட்டிச் சோதித்து, பதிவேட்டில் எழுதும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. விமானம் ஹாங்கரில் நிற்கும் நாட்களும் ஒன்றே. எங்களுக்கு டெஃப்லான்தான் என்பது இதில் முடிவாகிவிட்டது.

இதே கணக்கை இன்ஜினுக்கு எட்டு வயதான ஒருவர் போட்டால் பதில் மாறும். அவருக்கு மீதம் நாலு ஆண்டு. ரப்பரே அதைத் தாண்டி வரும். பத்து ஆண்டு வரக்கூடிய டெஃப்லானை வாங்கி, நாலாவது ஆண்டில் ஓவர்ஹாலில் கழற்றிப் போடுவது வீண். அவர் தரமான ரப்பர் ஹோஸ் போட்டுவிட்டு, ஓவர்ஹாலில் புதிய இன்ஜினோடு டெஃப்லானுக்குப் போகட்டும். "எப்போதும் டெஃப்லான்தான் சிறந்தது" என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த இடத்தை யோசிப்பதில்லை. அதே சமயம், அவருடைய ஹோஸ் சைலன்சர் குழாய்க்கு நெருக்கமாகப் போகிறது என்றால், நாலு ஆண்டானாலும் டைப் டி போடுங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே பணக் கணக்கு பார்க்கும் இடமில்லை.

முழு ஹோஸாக வாங்குவதா, இங்கே அடிப்பதா?

நீளக்கணக்கில் ஹோஸும், திரும்பப் பயன்படுத்தும் ஃபிட்டிங்கும் வாங்கி ஹாங்கரிலேயே அடிப்பது ஒரு வழி. பழைய ஏஎம்இக்கள் பலருக்கு அது கைவந்த வேலை. அதில் ஒரு நுணுக்கமான ஆபத்து உண்டு. ஃபிட்டிங்கைத் திருகும்போது அதன் முனை உள் ரப்பரைச் சீவி ஒரு சிறு நாக்கு போல எழுப்பிவிடலாம். ஒரு பக்கம் போகும் ஆயிலுக்கு வழிவிட்டு, மறுபக்கம் கதவு போல மூடிக்கொள்ளும் நாக்கு அது. ஊதிப் பார்த்தால் சரியாக இருக்கும், ஓடும்போது அடைக்கும். நன்றாகச் செய்பவர்கள் முனை வழியாக வெளிச்சம் பார்ப்பார்கள், அளவான குண்டு ஒன்றை உருட்டிப் பார்ப்பார்கள், வேலை அழுத்தத்தைப்போல இரு மடங்கில் சோதிப்பார்கள். நீங்கள் விடும் பராமரிப்பு நிறுவனத்துக்கு இந்த வேலைக்கான அனுமதி வரம்பும், சோதனைக் கருவியும் இருந்தால் இது நல்ல வழிதான். இல்லையென்றால், சோதித்து டேக் போட்டு வரும் முழு ஹோஸ் வாங்குவதே மேல். எங்கள் ஏஎம்இ சார் இரண்டாவதைத்தான் விரும்பினார். நானும் அதோடு உடன்படுகிறேன்.

வாங்கும்போது காகிதம்தான், அதாவது விமானத்தில் போடத் தகுதியான பாகம் என்ற சான்றுதான், பாதிப் பொருள். அமெரிக்காவிலிருந்து வந்தால் எஃப்ஏஏ 8130-3, ஐரோப்பாவிலிருந்து வந்தால் ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1, இங்கே ஒப்புதல் பெற்ற நிறுவனத்திலிருந்து என்றால் சிஏ ஃபார்ம் 1. அது இல்லாத ஹோஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விமானத்தில் ஏறாது. ஒவ்வொரு ஹோஸிலும் உள்ள உலோக டேகில் பாக எண், தயாரித்த தேதி, சோதித்த அழுத்தம் இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்த உடனே பாருங்கள். ரப்பர் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள். கிடங்கிலேயே இரண்டு ஆண்டு கிடந்த ஹோஸைத் தள்ளுபடியில் வாங்கி ஆவதொன்றும் இல்லை.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. முன்பெல்லாம் ரப்பர் பொருளா, உலோகப் பொருளா என்று வகை பார்த்து வெவ்வேறு விகிதத்தில் வரி விழும். 2024 ஜூலை 15 முதல் விமானப் பாகங்களின் இறக்குமதிக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளுடன், ஒரே சீராக 5 சதவீத ஐஜிஎஸ்டி. பெங்களூரில் பார்சலை எடுக்கும் ஏஜெண்டிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. 

எல்லாரும் மறக்கும் இடங்கள்

ஹோஸ் மாற்றினோம் என்று சொல்பவர்களில் பலர் கவ்லிங்குக்குள் இருப்பதை மட்டும்தான் மாற்றியிருப்பார்கள். பழைய செஸ்னாக்களில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், டாங்க்கிலிருந்து வரும் அலுமினியக் குழாயை அடுத்த குழாயோடு இணைக்க விரல் நீளத்தில் ரப்பர் ஹோஸ் துண்டுகள் கிளாம்ப் போட்டு இருக்கும். உள் அலங்காரத் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். விமானம் தயாரான நாளிலிருந்து அதைத் தொடாத விமானங்களும் உண்டு. 172எம் கடைசியாகத் தயாரானது 1976-இல். கேபினில் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் அங்கே பாருங்கள். அந்தத் துண்டுகளுக்கு டெஃப்லான் பேச்சே கிடையாது; பாகப் பட்டியலில் உள்ள அதே ரப்பர் ஹோஸ்தான்.

பிரேக் ஹோஸுக்கும் அப்படியே, பட்டியலில் என்ன எண் இருக்கிறதோ அதுவே. ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் ஹோஸை மாற்றும்போது, இன்ஜின் பக்க முனையிலுள்ள ஃபிட்டிங்கைப் பத்திரப்படுத்துங்கள். அதன் நடுவில் ஊசிமுனை அளவே துளை இருக்கும். மீட்டர் ஹோஸ் அறுந்தாலும் ஆயில் மெதுவாகவே வெளியேறட்டும் என்பதற்காக வைத்த துளை அது. பார்க்கச் சாதாரண ஃபிட்டிங் போலவே இருப்பதால், வேலை மும்முரத்தில் வேறொன்றை மாட்டிவிட வாய்ப்புண்டு.

பொருத்தும்போது ஏஎம்இயோடு நின்று இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் இழுத்துக் கட்டினது போல இருக்கக் கூடாது. அழுத்தம் ஏறினால் ஹோஸின் நீளம் மாறும் என்பதால், நீளத்தில் 5 முதல் 8 சதவீதம் தளர்வு விட வேண்டும். இரண்டு அடிக்கு ஒரு இடத்திலாவது கிளாம்ப்பில் தாங்கல் வேண்டும். அப்புறம் இன்ஜினை ஓட்டி, நிறுத்தி, கவ்லிங் இல்லாமல் ஒவ்வொரு முனையையும் துடைத்துப் பார்த்து, மறுபடியும் ஓட்டி, மறுபடியும் பார்க்க வேண்டும். முதல் சில மணி நேரம் விமானதளத்தைச் சுற்றி மட்டும் பறந்துவிட்டு, கவ்லிங்கை மறுபடி திறந்து, உரசல் தடம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். புதிய ஹோஸ் எங்கே உட்காரும் என்பது இன்ஜின் ஆடிய பிறகுதான் தெரியும்.

நாங்கள் கொடுக்கப்போகும் ஆர்டர் இதுதான்: கார்புரேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் மீட்டருக்கும் சிலிகோன் உறையோடு வார்த்த டெஃப்லான், டிஎஸ்ஓ சி53ஏ டைப் டி. பிரேக்குக்கும் டாங்க் துண்டுகளுக்கும் பாகப் பட்டியலில் உள்ளது. எல்லாம் ஒரே பார்சலில், ஏஆர்சி புதுப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய மாதம் கைக்கு வருகிற மாதிரி. ஆர்டர் போடும் முன்பு இப்போது இன்ஜினில் இருக்கும் ஒவ்வொரு ஹோஸின் நீளத்தையும், இரு முனை ஃபிட்டிங்கின் கோணத்தையும் ஏஎம்இ சார் அளந்து எழுதிக் கொடுக்கிறார். நேராக, 45 டிகிரி, 90 டிகிரி என்று மூன்று வகை முனை இருப்பதால், கோணம் ஒன்று தவறினாலும் அந்த ஹோஸ் பெட்டியிலேயே கிடக்கும்.